ஒசாகாவிலிருந்து மங்கா, அனிமே பொருட்களை வெளிநாட்டுக்கு அனுப்பி விற்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நிப்போன்பாஷி_நடையன்

எல்லோருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக ஒசாகாவில் இருக்கிறேன். அலுவலகம் முடிந்து திரும்பும் வழியில் நிப்போன்பாஷி வருகிறது. டென் டென் டவுன் என்பார்கள். ஒரு காலத்தில் மின்சாதனக் கடைத்தெரு, இன்று கடைக்குக் கடை மங்கா என்ற ஜப்பானியப் படக்கதைகள், அனிமே என்ற அசைவூட்டப் படங்கள் சார்ந்த சாமான்கள். சில கடைகளில் சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள் இருக்கும். ஒவ்வொரு பெட்டியையும் யாராவது ஒருவர் மாத வாடகைக்கு எடுத்திருப்பார். தன்னிடம் உள்ள பழைய பொருட்களுக்குத் தானே விலை எழுதி உள்ளே வைத்துவிட்டுப் போய்விடுவார். விற்றால் கடை தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும்.

போன வாரம் அப்படி ஒரு பெட்டியில் வாள்வீரன் பொம்மை ஒன்றை 1,200 யென்னுக்கு வாங்கினேன். அட்டைப்பெட்டியின் ஒட்டுத்தாள்கூடப் பிரியவில்லை. பாரிஸில் இருக்கும் என் சித்தப்பா மகன் இதே பொம்மைக்கு 35 யூரோ கொடுத்திருக்கிறான். நான்கு மடங்குக்கு மேல். யென்னும் சரிந்து கிடக்கிறது. 2012இல் டாலருக்கு 80 யென். 2024 ஜூலையில் 160ஐத் தாண்டியது.

(இங்கே இவற்றை ஃபிகர் என்பார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் ஆகிவிடும் என்பதால் பொம்மை என்றே எழுதுகிறேன்.)

இங்கே வாங்கி அங்கே விற்றால் என்ன? இவ்வளவு லாபம் கண்ணுக்கு எதிரே கிடக்கும்போது ஜப்பான் நிறுவனங்களே ஏன் நேராகப் போய் விற்பதில்லை?

சிராங்கூன்_அலமாரி

முதலில் நீங்கள் வாங்கியது கடைச்சரக்கே அல்ல. அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், கேளிக்கை அரங்குகளுக்கான பரிசுப்பொருள் என்று ஜப்பானியத்தில் அச்சிட்டிருக்கும். 100 யென் நாணயம் போட்டு இரும்புக் கொக்கியால் பரிசைத் தூக்குகிறோமே, அந்த இயந்திரத்துக்குள் வைப்பதற்கென்றே செய்தது. அதற்குள் வைக்கும் பரிசின் சில்லறை மதிப்பு 800 யென்னைத் தாண்டக் கூடாது என்று நெடுநாள் வரம்பு இருந்தது. 2022இல் அதை 1,000 ஆக்கினார்கள். அந்த வரம்புக்குள் அடங்கும்படிதான் வண்ணப்பூச்சைக் குறைத்து, பாகங்களைக் குறைத்துச் செய்கிறார்கள். கொக்கி விளையாட்டில் கைதேர்ந்தவர்கள் ஒரே நாளில் மூன்று நான்கு தூக்கிவிட்டு நேரே பழைய பொருள் கடைக்குப் போவார்கள். உங்கள் 1,200 யென் அங்கிருந்து வருகிறது. வெளிநாட்டில் அதே பொம்மை விநியோகஸ்தர் வழியாகச் சாதாரணச் சில்லறைச் சரக்காக வருகிறது. ஆகவே நீங்கள் ஒப்பிடுவது இரண்டு வெவ்வேறு வியாபாரங்களை.

பரிசுப்பொருள் அல்லாத, விலை கூடிய வகையின் கதை வேறு. சிங்கப்பூரில் ஒரு கடையில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம், இப்போது கடையும் இல்லை. சிபா மாவட்டத்து மக்குஹாரியில் ஆண்டுக்கு இரண்டு முறை வொண்டர் ஃபெஸ்டிவல் என்ற பொம்மைக் கண்காட்சி நடக்கும். அங்கே முதலில் வண்ணம் பூசாத சாம்பல் நிற மாதிரியை வைப்பார்கள். சில மாதம் கழித்து வண்ண மாதிரியின் படம் வரும், அன்றே முன்பதிவு தொடங்கும். எத்தனை பேர் பதிவு செய்கிறார்கள் என்று பார்த்துத்தான் எத்தனை செய்வது என்று முடிவாகும். பெரும்பாலானவை சீனத் தொழிற்சாலைகளில் உருவாகின்றன. கைக்கு வர எட்டு மாதம், பத்து மாதம், சில நேரம் ஒன்றரை ஆண்டு.

இதில் கடைக்காரன் எங்கே மாட்டுகிறான் என்று பாருங்கள். விநியோகஸ்தரிடம் எண்ணிக்கை சொன்னபின் பின்வாங்க முடியாது, சரக்கைத் திருப்பி அனுப்பவும் முடியாது. ஜப்பானில் புத்தகக் கடைகள் விற்காத மங்காவைப் பெரும்பாலும் திருப்பிவிடலாம். பொம்மைக்கு அந்த வசதி இல்லை. ஒரு முறை பள்ளிச் சீருடை அணிந்த கதாநாயகி ஒருத்திக்கு எங்கள் கடையில் 60 பேர் பதிவு செய்தார்கள். அனிமே ஓடிக்கொண்டிருந்த நேரம், ஊரெல்லாம் அவள் பேச்சு. சரக்கு வந்து சேர பதினான்கு மாதம் ஆயிற்று. வாங்க வந்தவர்கள் 37 பேர். மீதிப் பேருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டால் எடுக்கவில்லை, எடுத்தவர்களில் ஒருவர் “யார் அது?” என்று கேட்டார். கடையையா, கதாநாயகியையா என்று எனக்கு இன்றும் தெரியாது. மீதி 23 பெட்டிகள் கழிவறைக்குப் போகும் வழியில் கூரை வரை அடுக்கிக் கிடந்தன.

இறக்குமதிக்_கணக்கன்

தம்பி, தயவுசெய்து பொம்மை என்று எழுதாதீர்கள். நான் சென்னையில் சுங்கத் தரகு வேலை பார்ப்பவன். அந்த ஒரு சொல்லுக்கு இங்கே என்ன விலை தெரியுமா? இந்தியாவில் பொம்மைகளின் இறக்குமதித் தீர்வை 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆயிற்று. 2023இல் 70. போதாக்குறைக்கு 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் எந்தப் பொம்மைக்கும் இந்தியத் தரமுத்திரை கட்டாயம். இவற்றைச் செய்யும் தொழிற்சாலை இருநூறு உருப்படிக்காகவா அந்த முத்திரைக்கு விண்ணப்பிக்கும்?

சர்வதேசச் சுங்க வகைப்பாட்டில் பொம்மைக்கு 9503 என்று ஒரு தலைப்பு. பிளாஸ்டிக் சிறுசிலை, அலங்காரப் பொருள் என்றால் 3926இன் கீழ் வரும். உங்கள் ஜப்பான் பெட்டிகளில் ‘15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு’ என்று அச்சிட்டிருக்கும். இது சிலையா பொம்மையா என்பதுதான் வழக்கே. ஒரு தடவை ஓர் அதிகாரி பெட்டியைத் திறந்து, உருவத்தை வெளியே எடுத்து, வலது கையை மெல்லத் திருகிப் பார்த்தார். தோள் மூட்டில் அது சுழன்றது. “அசைகிறதே” என்றார். எங்கள் வாதம் அந்த மூட்டிலேயே முறிந்துபோயிற்று. அதே பெட்டியில் மூட்டு இல்லாமல் ஒரே நிலையில் நிற்கும் இன்னோர் உருவமும் இருந்தது. அதற்குத் தனிக் கணக்கு.

பெயரை மாற்றி எழுதித் தப்பிக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. பொய் எழுதினால் சரக்கும் போகும், பெயரும் போகும். பொருள் என்ன என்பதை வாங்கும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள் என்கிறேன். புத்தகத்துக்கு இந்தத் தலைவலி கிடையாது. 2019இல் இறக்குமதி நூல்களுக்கு 5 சதவீதம் போட்டார்கள், அவ்வளவுதான். சென்னைப் புத்தகக் கடைகளில் ஆங்கில மங்கா அடுக்கடுக்காக நிற்கிறது, அசல் சிலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. காரணம் ரசனை அல்ல, தீர்வை அட்டவணை.

லா_ஷப்பல்_வாசி

கணக்கன் ஐயா சொன்னதைப் படித்தபின் நானும் சிலை என்றே எழுதுகிறேன்.

பாரிஸ் விலை ஏன் 35 யூரோ என்று கேட்டவருக்கு: இங்கே இது நேற்று முளைத்த சந்தை அல்ல. 1978இல் ‘கோல்டொராக்’ என்ற பெயரில் ஒரு ஜப்பானிய இயந்திர மனிதன் பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்கு வந்தான். 1987 முதல் 1997 வரை ‘கிளப் டோரொத்தே’ நிகழ்ச்சி பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு வாரம் முழுக்க அனிமே போட்டது. அப்போது பார்த்த பிள்ளைகள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள், கையில் காசு இருக்கிறது. 1990இல் கிளேனா பதிப்பகம் ‘அகிரா’ மங்காவைப் பிரெஞ்சில் கொண்டுவந்தது. 2021இல் அரசாங்கம் 18 வயதானவர்களுக்குப் பண்பாட்டுச் செலவுக்கென 300 யூரோ கொடுத்தது. பிள்ளைகள் அதில் மங்காவாக வாங்கிக் குவித்ததால் செய்தித்தாள்கள் அதற்கு ‘மங்கா பாஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டன.

இனிக் கசப்பான பகுதி. ஐரோப்பாவில் நீங்கள் நினைக்கிற வியாபாரத்துக்குச் சட்டமே குறுக்கே நிற்கிறது. ஆஸ்திரியாவின் சில்வெட் என்ற மூக்குக்கண்ணாடி நிறுவனம் பழைய மாதிரிகளைப் பல்கேரியாவுக்கு விற்றது. பல்கேரியா அப்போது ஐரோப்பியச் சந்தைக்குள் இல்லை. அந்தக் கண்ணாடிகளே சுற்றிக்கொண்டு ஆஸ்திரியாவில் மலிவாக விற்பனைக்கு வந்தன. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 1998இல் வந்த தீர்ப்பின் சாரம்: அசல் பொருளாகவே இருந்தாலும், வணிகச் சின்னத்துக்கு உரியவர் ஐரோப்பியச் சந்தையில் விற்கச் சம்மதிக்காத சரக்கை வெளியிலிருந்து கொண்டுவந்து விற்பதை அவர் தடுக்கலாம். அதாவது ஒசாகாவில் நியாயமாக வாங்கிய அசல் சிலை, பாரிஸ் கடைத்தட்டில் ஏறியதும் வணிகச் சின்ன மீறல் ஆகலாம். தனியாள் ஒருவர் தனக்கென்று வரவழைத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. கடை போட்டால் கேட்பார்கள்.

இன்னும் இரண்டு. 22 யூரோவுக்குக் குறைந்த பொதிகளுக்கு இருந்த வரிவிலக்கு 2021 ஜூலையில் போயிற்று. 2024 டிசம்பர் 13 முதல் புதிய பொருள் பாதுகாப்பு விதிப்படி, ஐரோப்பாவுக்குள் பொறுப்பேற்க ஓர் ஆளோ நிறுவனமோ இல்லாமல் நுகர்வோருக்கு விற்கக் கூடாது. அந்த வாரமே ஜப்பானின் சிறு விற்பனையாளர்கள் இருவர் எனக்கு ‘இனி உங்கள் நாட்டுக்கு அனுப்ப மாட்டோம், மன்னிக்கவும்’ என்று எழுதிவிட்டார்கள்.

பழைய_பெட்டி

இப்படிப் பயமுறுத்தினால் உலகத்தில் ஒருவரும் கடை திறக்க மாட்டார்கள். அமெரிக்காவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தாய்லாந்து மாணவர் ஒருவர் ஊரிலிருந்து மலிவுப் பதிப்புப் பாடநூல்களை வரவழைத்து அங்கே விற்ற வழக்கில், 2013இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம்தானே தீர்ப்புச் சொன்னது?

லா_ஷப்பல்_வாசி

அது பதிப்புரிமை வழக்கு, வணிகச் சின்னம் வேறு. இருந்தாலும் புத்தகத்துக்கு அந்தத் தீர்ப்பு பெரிய பலம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 800 டாலர் வரை தீர்வை இல்லை என்றிருந்த அமெரிக்கச் சலுகை 2025 ஆகஸ்ட் 29 அன்று முடிந்துவிட்டது.

வலமிருந்து_இடம்

ஜப்பான்காரர்கள் ஏன் நேராக வருவதில்லை என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் கோலாலம்பூரில் இருந்து மங்காவின் ஆங்கிலப் பதிப்புகளுக்கு எழுத்துப் பதிக்கும் வேலை செய்கிறேன். ஜப்பானிய எழுத்தை அழித்துவிட்டுப் பேச்சுக் குமிழிக்குள் ஆங்கிலத்தை அடைக்க வேண்டும். குமிழி மேலிருந்து கீழாக ஓடும் எழுத்துக்கு வரைந்தது, நெட்டையாக, ஒல்லியாக இருக்கும். ஆங்கிலமோ குறுக்கே ஓடுவது. பாதி நாள் சொல்லை எங்கே உடைப்பது என்பதிலேயே போய்விடும்.

முன்பு இதைவிடக் கொடுமை. மங்காவை ஆங்கிலத்தில் வெளியிடும் விஸ் நிறுவனம் 1986இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. அந்தக் காலத்தில் மேலைநாட்டு வாசகர் வலமிருந்து இடமாகப் படிக்க மாட்டார் என்று எல்லோரும் நம்பினார்கள். பக்கத்தையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாற்றி அச்சிட்டார்கள். விளைவு? வாள்வீரர்கள் அத்தனை பேரும் இடக்கையர்கள். கிமோனோ உடையின் மடிப்பைப் பாருங்கள்: உயிரோடு இருப்பவர் இடப்பக்கத்தை மேலே போட்டு மூடுவார், பிணத்துக்குத்தான் வலப்பக்கம் மேலே. பக்கம் மாறியதும் கதாநாயகி சிரித்துக்கொண்டே பிண உடையில் நடந்து வருவாள். இதைப் பார்த்த ஓவியர்கள் வயிறெரிந்ததில் வியப்பில்லை.

2002இல் டோக்கியோபாப் நிறுவனம் பக்கங்களை இடவலம் மாற்றாமல் அப்படியே, 9.99 டாலர் விலையில் அச்சிட்டது. மாற்றும் செலவு மிச்சம். தவறான பக்கத்திலிருந்து தொடங்குபவர்களுக்கு ‘நில்லுங்கள், இது கடைசிப் பக்கம்’ என்று ஓர் எச்சரிக்கை. பிள்ளைகள் ஒரே நாளில் பழகிக்கொண்டார்கள். பெரியவர்கள் பதினைந்து ஆண்டுகள் அஞ்சிய விஷயம் ஒரு நாள் வேலையாக இருந்தது. எனக்கு இன்றும் இதை நினைத்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்த நிறுவனத்தின் கதி என்ன ஆயிற்று? அது விற்றதெல்லாம் பிறர் உரிமை. 2009இல் ஜப்பானியப் பதிப்பகமான கோதன்ஷா தன் தலைப்புகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2011இல் அமெரிக்காவின் பார்டர்ஸ் புத்தகக் கடைகள் திவாலாயின. அதே ஆண்டில் டோக்கியோபாப் தன் அமெரிக்கப் பதிப்புப் பணியை மூடியது.

இப்போது பதிலுக்கு வருகிறேன். மங்கா நூல் என்றால் உரிமை ஆசிரியரிடமும் பதிப்பகத்திடமும் இருக்கிறது. இரண்டே கையொப்பம். அதனால்தான் ஷூயெய்ஷா பதிப்பகம் 2019 ஜனவரியில் ‘மங்கா பிளஸ்’ செயலியைத் திறந்து, ஜப்பான், சீனா, தென்கொரியா நீங்கலாக உலகம் முழுவதற்கும் புது அத்தியாயங்களை ஜப்பானில் வெளியாகும் நாளிலேயே கொடுக்க முடிந்தது. அனிமே அப்படி அல்ல. பதிப்பகம், தொலைக்காட்சி, இசை நிறுவனம், பொம்மை நிறுவனம், விளம்பர நிறுவனம் என்று பலர் பணம் போட்டுத் தயாரிப்புக் குழு அமைப்பார்கள். சிலைப் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் உரிமை வரி இருக்கும், வாசித்துப் பாருங்கள். ஆசிரியர் பெயர், பதிப்பகம், பிறகு தொடரின் பெயரோடு ‘தயாரிப்புக் குழு’ என்று முடியும். அந்தக் குழுவில் ஒருவரிடம் உள்நாட்டுப் பொருள் உரிமை, இன்னொருவரிடம் வெளிநாட்டு விற்பனை என்று பாகம் பிரித்திருப்பார்கள். எந்த நாட்டில் யார் விற்கலாம் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும்.

அதற்கு மேல் கன்ஷூ. மேற்பார்வை ஒப்புதல் என்று சொல்லலாம். கோட்டோவியம், மாதிரி, வண்ணம், அட்டைப்பெட்டி, ஒவ்வொன்றும் உரிமையாளரிடம் போய்ச் சரி என்று திரும்ப வேண்டும். புருவம் அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது என்று திரும்பி வந்த மாதிரி ஒன்றை என் நண்பர் படத்தில் காட்டினார். எத்தனை உற்றுப் பார்த்தும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சிராங்கூன் நண்பரின் பதினான்கு மாதத்தில் ஒரு பகுதி இங்கேதான் போயிருக்கும்.

பணம் அங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஜப்பானிய அனிமேஷன் சங்கத்தின் கணக்குப்படி 2023இல் மொத்தச் சந்தை சுமார் 3.3 லட்சம் கோடி யென், அதில் பாதிக்குச் சற்று மேல் வெளிநாடு. ஐந்தாறு பேர் சேர்ந்து சமைத்த குழம்பை யார் பரிமாறுவது என்பதுதான் அங்கே தகராறு.

பழைய_பெட்டி

தகராறு முடியும் வரை போலிக்காரன் பரிமாறிக்கொண்டிருப்பான்.

சிராங்கூன்_அலமாரி

உண்மை. முன்பதிவு முடிந்து அசல் தீர்ந்ததும் போலி வந்துவிடும். கடையில் இருந்தபோது கற்றுக்கொண்டது: முதலில் மூக்கு. திறந்ததும் சாயமும் பிளாஸ்டிக்கும் கலந்து குப்பென்று அடித்தால் சந்தேகம். பிறகு தோல், அசலில் மங்கலாக இருக்கும், போலியில் எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். முடியின் நுனி அசலில் ஊசியாக முடியும், போலியில் மொண்ணை. பெட்டியில் வலமிருந்து_இடம் சொன்ன பொடி எழுத்து உரிமை வரி இருக்காது, அல்லது கலங்கியிருக்கும். தோயெ அனிமேஷன் தொடர்களின் பொருள் என்றால் பூனைத் தலை போட்ட ஒட்டுமுத்திரை இருக்கிறதா பாருங்கள். அந்த முத்திரையையே போலி செய்பவர்களும் உண்டு, அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

சிங்கப்பூருக்கு அனுப்புவதாக இருந்தால் ஒரு நல்ல செய்தி: உரியவர் எந்த நாட்டில் விற்றிருந்தாலும் அசலைக் கொண்டுவந்து விற்க இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. கெட்ட செய்தி: அதனாலேயே இங்கே எல்லோரும் அதைச் செய்கிறார்கள்.

இறக்குமதிக்_கணக்கன்

எல்லோரும் சரக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி, உங்கள் விசா என்ன விசா? பொறியாளர் விசாவில் இருந்துகொண்டு பக்கத் தொழில் செய்ய ஜப்பான் குடிவரவுத் துறையின் தனி அனுமதி வேண்டும். அது தெரியுமா?

நிப்போன்பாஷி_நடையன்

ஐயா, அந்தக் கவலை இல்லை. மனைவி ஜப்பானியர், துணைவருக்கான விசாவில் இருக்கிறேன். வேலைக்குக் கட்டுப்பாடு கிடையாது. இருந்தாலும் கேட்டதற்கு நன்றி, இத்தனை பேரில் நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள்.

வலமிருந்து_இடம் எழுதியதை மூன்று முறை படித்தேன். வாள்வீரன் பெட்டியின் அடியில் நீங்கள் சொன்ன வரி இருக்கிறது. கண்ணுக்குப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் வாசிக்க முடிந்தது.

*(இரண்டரை மாதம் கழித்து)*

நிப்போன்பாஷி_நடையன்

கேட்டுவிட்டுக் காணாமல் போனவன் என்று நினைத்திருப்பீர்கள். ஐரோப்பாவை விட்டுவிட்டேன். அமெரிக்காவை இப்போதைக்குத் தொடவில்லை. இந்தியாவுக்குச் சிலை அனுப்பும் யோசனையைக் கணக்கன் ஐயாவின் தோள்மூட்டுக் கதையே முடித்துவைத்தது.

பழைய பொருள் வாங்கி விற்க இங்கே போலீஸ் நிலையத்தில் விண்ணப்பித்து உரிமம் எடுக்க வேண்டும். கட்டணம் 19,000 யென். திருட்டுப் பொருள் கைமாறுவதைத் தடுக்க உள்ள சட்டம், அதனால் போலீஸ். அதிகாரி “என்ன பொருள்?” என்று கேட்டபோது புத்தகம் என்று சொன்னேன். பொய் இல்லை. அச்சில் இல்லாத ஓவியத் தொகுப்புகள், பழைய இதழ்களோடு வந்த இணைப்புகள், ஒரே ஒரு கண்காட்சியில் மட்டும் விற்ற ஓவியப் பட்டியல் நூல்கள் ஆகியவற்றைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். எழுத்தைவிடப் படம் அதிகம், மொழி தெரியாதவர்களும் வாங்குகிறார்கள். மூட்டு கிடையாது, முன்பதிவு கிடையாது. முதல் பொதியில் 14 நூல்கள் சிங்கப்பூருக்குப் போயின. 11 விற்றுவிட்டன. தபால் செலவு போக மிஞ்சியது ஒரு குடும்பம் வெளியே சாப்பிடுகிற அளவு.

அந்தப் பொதியில் ஆசையாக அந்த வாள்வீரனையும் வைத்து அனுப்பினேன். வாங்கியவர் நேற்றுப் படம் அனுப்பியிருக்கிறார். வலது கணுக்கால் வளைந்து, வாளோடு முன்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறான். வழியில் சூட்டில் கிடந்திருக்கும்போல. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இதைச் சரிசெய்ய வழி உண்டா?

சிராங்கூன்_அலமாரி

உண்டு. கொதிக்கும் நீர் வேண்டாம், வண்ணம் வெளிறிவிடும். கை பொறுக்காத சூட்டில் வெந்நீர் எடுத்துக் கணுக்கால் மட்டும் மூழ்கும்படி அரை நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். இளகியதும் நேராக்கி, அசையாமல் பிடித்துக்கொண்டு, உடனே பனிக்கட்டி போட்ட நீரில் முக்க வேண்டும். வாளை முதலில் கழற்றிவிடச் சொல்லுங்கள்.